கட்டைவிரல் சொன்ன தீர்ப்பு: ஷிமானோவும் ஸ்ராமும் ஒரே ஏற்றத்தில்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை போகிறது. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் நானும் தம்பியும் அங்கே சைக்கிள் ஓட்டுகிறோம். முதல் பாதி முழுக்க ஏற்றம். லாரிச் சக்கரம் போய்ப் போய்க் குழிந்த இரண்டு தடங்கள், நடுவில் புல்மேடு. சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற உச்சியைத் தொட்டதும் சட்டென்று இறக்கம் பிடித்துவிடும். ஏற்றத்தின் கடைசியில் இடப்பக்கம் ஒடிகிற ஒரு வளைவு உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். உள்ளே நுழைந்த பிறகுதான் அதன் செங்குத்து புரியும். அங்கே கியரை இறக்க அரைச் சுற்று பெடல்தான் கிடைக்கும். அதற்குள் மாறவில்லை என்றால் காலை ஊன்ற வேண்டியதுதான்.

சைக்கிளுக்குக் கியர் பாகங்கள் செய்யும் இரண்டு பெரிய நிறுவனங்கள் ஷிமானோவும் ஸ்ராமும். கைப்பிடிப் பக்கம் இருந்து கியர் மாற்றும் ஷிஃப்டரில் ஷிமானோ நல்லதா ஸ்ராம் நல்லதா என்று யார் கேட்டாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வளைவுதான்.

என் பைக்கில் இருப்பது ஷிமானோ டியோர் எம்6100. பெடல் பக்கம் ஒற்றைப் பல் சக்கரம், பின்னால் 12 பல் சக்கரங்கள், அதாவது 12 கியர், 10 பல்லிலிருந்து 51 பல் வரை. தம்பியின் பைக்கில் ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள். அதுவும் 12 கியர், 11 முதல் 50 வரை. இரண்டுமே அவரவர் நிறுவனத்தின் நடுத்தர வரிசை. ஒரு மழைக்காலம் முடிந்து தடம் இறுகியதும், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பைக்கை மாற்றிக்கொண்டோம். இரண்டு மாதம் அப்படி ஓட்டினோம். இருவருக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்று. கை அளவில்தான் வித்தியாசம்: என் உள்ளங்கை சிறியது, அவனுக்கு விரல்கள் நீளம். இந்தக் கட்டுரையில் அந்த வித்தியாசம் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஷிஃப்டருக்குள் நடப்பது கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போன்ற வேலை. கட்டைவிரலால் பெரிய லீவரைத் தள்ளினால் உள்ளே ஒரு சிறிய உருளை கேபிளைச் சுற்றி இழுக்கிறது. பின்சக்கரத்துப் பக்கம் தொங்கும் டெரெய்லர் தன் ஸ்பிரிங்கை எதிர்த்து நகர்ந்து செயினைப் பெரிய பல் சக்கரத்துக்குத் தூக்குகிறது. உருளை பின்னால் ஓடிவிடாமல் ஒரு கொக்கி பிடித்து நிற்கும். சின்ன லீவரைத் தொட்டால் அந்தக் கொக்கி ஒரு பல் மட்டும் விட்டுக்கொடுக்கும். ஸ்பிரிங் டெரெய்லரை இழுக்க, செயின் சிறிய சக்கரத்துக்கு இறங்கும். இழுப்பது நம் கட்டைவிரல், விடுவிப்பது ஸ்பிரிங். இதை மனதில் வைத்தால் இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ள வேறுபாடு தானாக விளங்கும்.

ஸ்ராமில் இரண்டு லீவரும் கட்டைவிரலுக்குத்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இரண்டையும் முன்பக்கமாகத் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் எப்போதும் பிரேக் மேலேயே இருக்கலாம். ஷிமானோவில் பெரிய லீவர் கட்டைவிரலுக்கு. சின்ன லீவரைக் கட்டைவிரலால் தள்ளவும் செய்யலாம், ஆள்காட்டி விரலால் தன் பக்கம் இழுக்கவும் செய்யலாம். 1990 வாக்கில் ஷிமானோ கொண்டுவந்த முதல் ரேபிட்ஃபயர் ஷிஃப்டரில் இரண்டு லீவரும் கட்டைவிரலுக்குத்தான் இருந்தன. பிறகு வந்த ரேபிட்ஃபயர் பிளஸ்ஸில் விடுவிக்கும் லீவர் ஆள்காட்டி விரலுக்குப் போனது. பல வருடம் கழித்து அதையே இருபக்கமும் அசையும்படி செய்தார்கள். ஆக, இன்று ஸ்ராமின் அடையாளமாக நாம் நினைக்கும் கட்டைவிரல் முறையை ஷிமானோ முன்பே ஒருமுறை செய்து பார்த்து மாற்றியிருக்கிறது.

முதல் ஞாயிறு தம்பியின் பைக்கில் ஏறினேன். ஸ்ராமின் கிளிக் ரொம்பத் தெளிவு. 'டக்' என்று விரலுக்கும் காதுக்கும் ஒன்றாகத் தெரியும். கையுறை போட்டிருந்தாலும், குலுங்கும் பாதையில் போனாலும், கியர் மாறியதா இல்லையா என்ற ஐயமே வரவில்லை. டியோரின் கிளிக் அதைவிட மென்மை. கல்லில் தடதடத்துக்கொண்டு போகும்போது இரண்டு முறை அழுத்தினேனா ஒரு முறைதானா என்று நான் குழம்பியது உண்டு. இந்த ஒன்றில் ஸ்ராமுக்கு என் வாக்கு, யோசிக்காமல் தருவேன்.

ஆனால் அந்த வளைவு வந்தது. நுழைந்ததும் வழக்கம்போல் கால் முழு பலத்தோடு பெடலை அழுத்திக்கொண்டிருக்க, லீவரைத் தள்ளினேன். செயின் 'கர்ரக்' என்று முனகி ஏறியது. அறுந்துவிடவில்லை, நழுவவும் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்தில் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. மேலே வந்ததும் தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, நீ மிதிச்சுக்கிட்டே மாத்தற. ஒரு நொடி காலை லேசாக்கிட்டு மாத்தணும்," என்றான்.

"அந்த எடத்துல காலை லேசாக்குனா பைக் நின்னுருமேடா."

"வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே மாத்திரு."

அவன் பாதையை முன்கூட்டியே படித்து ஓட்டுகிறவன். நான் உள்ளே போன பிறகு விழித்துக்கொள்கிறவள். ஷிமானோ 2018இல் தன் உச்ச வரிசையான எக்ஸ்டிஆர் எம்9100 வழியாகக் கொண்டுவந்து, 2020இல் டியோர் வரை இறக்கிய ஹைப்பர்கிளைடு பிளஸ் என்ற செயின்–கேசட் (பின்னால் உள்ள பல் சக்கர அடுக்கு) அமைப்பு என்னைப் போன்றவர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது. பற்களின் வடிவமும் செயின் தகட்டின் வடிவமும் சேர்ந்து, பாரத்தோடு மிதிக்கும்போதே செயினை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு வழிநடத்துகின்றன. அதே வளைவில் அடுத்த ஞாயிறு என் டியோரில் அதே தவறைச் செய்தேன். சத்தம் குறைவாக, ஒரு சின்ன உதறலோடு மாறியது. கவனித்துப் பார்த்தால் இதில் ஷிஃப்டரின் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு கேசட்டுக்கும் செயினுக்கும். கடையில் நின்று வெறும் ஷிஃப்டரை விரலால் தட்டிப் பார்த்து "இது ஸ்மூத்" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தேய்ந்த செயின் மேல் எந்த ஷிஃப்டரைப் போட்டாலும் கொரகொரப்பு போகாது.

நான்காவது வாரம் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்க ஆரம்பித்தது. நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் வேலை செய்கிறவள், அதனால் பழி முழுவதையும் பைக் மேல் போட முடியாது. ஆனால் ஸ்ராம் ஓட்டிய ஞாயிறுகளில் மாலைக்குள் வலி கூடியது. இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஒரே விரல், அதுவும் சின்ன லீவரைத் தொட என் கட்டைவிரல் பிடியை விட்டுச் சற்றே வளைய வேண்டியிருந்தது. தம்பிக்கு அந்தத் தொல்லை துளியும் இல்லை; அவன் விரல் தானாகவே அங்கே போய் விழுகிறது. டியோரில் ஏறும்போது நான் ஆள்காட்டி விரலால் இழுத்து விடுவிக்கிறேன், கட்டைவிரலுக்கு ஓய்வு. இறங்கும்போது ஆள்காட்டி விரல் பிரேக்கை விட்டு நகரக்கூடாது, அப்போது அதே லீவரைக் கட்டைவிரலால் தள்ளுகிறேன். ஒரே லீவருக்கு இரண்டு வேலை. சிறிய கை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், வாங்குமுன் இந்த ஒன்றைச் சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். கடையில் பைக்கின் மேல் உட்கார்ந்து, ஒரு விரலைப் பிரேக்கில் வைத்து, பிடியைத் தளர்த்தாமல் இரண்டு லீவரும் எட்டுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எட்டவில்லை என்றால் உடனே நிராகரிக்கவும் வேண்டாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தம்பியின் தீர்ப்பு நேர் எதிர். என் டியோரில் உச்சி தாண்டி இறக்கம் பிடிக்கும்போது சின்ன லீவர் ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான் விடுகிறது என்பது அவனுக்குக் குறை. அவன் பைக்கிலும் அப்படித்தான். ஆனால் "ஷிமானோல ரெண்டு விடும்னு சொன்னாங்களே" என்று எதிர்பார்த்துவிட்டான். அந்த வசதி ஷிமானோவின் மேல் வரிசைகளான எக்ஸ்டி (XT), எக்ஸ்டிஆர் ஷிஃப்டர்களில் உண்டு, டியோரில் இல்லை. பெயர் ஒன்று என்பதற்காக வசதியும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளக்கூடாது.

பெயர் ஒன்று என்று நம்பி நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பல வருடத்துக்கு முன் என்னிடம் முன்னால் மூன்று, பின்னால் ஒன்பது கியர் உள்ள ஒரு பழைய ஹார்ட்டெய்ல் (பின் சஸ்பென்ஷன் இல்லாத மலை பைக்) இருந்தது. பின்னால் பத்து கியராக மாற்ற ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்தேன். புது 10 கியர் ஷிஃப்டர், புது கேசட், புது செயின் போட்டார்கள். டெரெய்லர் மட்டும் பழைய 9 கியருடையது. "எல்லாம் ஒரே கம்பெனிதானே" என்றார்கள். வீடு வரும் வழியெல்லாம் கியர் தானாகத் தாவியது. மூன்று முறை திரும்பக் கொண்டுபோனேன், மூன்று முறையும் கேபிளை இறுக்கி அனுப்பினார்கள்.

பிறகு கோவையில் எனக்கு அறிமுகமான ஒரு மெக்கானிக் அண்ணா காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஷிமானோவின் 9 கியர் மலை பைக் ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் கேபிளை இழுக்கும். 2010இல் வந்த டைனாசிஸ் 10 கியர் ஷிஃப்டரோ சுமார் 3.4 மில்லிமீட்டர் இழுக்கும். பழைய டெரெய்லர் தனக்கு வரும் இழுப்பைச் சுமார் 1.7 மடங்காக்கி நகரும். 3.4ஐ 1.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.8 மில்லிமீட்டர். 10 கியர் கேசட்டில் ஒரு பல் சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 3.95 மில்லிமீட்டர்தான். ஒரு கிளிக்குக்கு ஒன்றரைச் சக்கரம் தாண்டும் அமைப்பை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது.

"ஷிஃப்டரும் டெரெய்லரும் புருசன் பொண்டாட்டி மாதிரி, அம்மணி. கேசட்டு பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, கொஞ்சம் அனுசரிச்சுப் போவான்," என்றார்.

அந்தக் கணக்குதான் இன்றுவரை எனக்குக் கைவிளக்கு. ஷிஃப்டரும் டெரெய்லரும் ஒரே நிறுவனம், ஒரே தலைமுறை, ஒரே கியர் எண்ணிக்கை என்று இருக்க வேண்டும். ஸ்ராம் ஈகிள் ஷிஃப்டரோடு ஷிமானோ டெரெய்லர் ஒட்டாது. மறுபக்கமும் அப்படியே. இழுப்பு அளவே வேறு. தைவானின் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் மூன்றாவது குடும்பம். அதன் ஷிஃப்டருக்கு அதன் டெரெய்லர்தான். 10 கியர், 11–48 கேசட், செயின் குதிக்காமல் பிடிக்கும் க்ளட்ச் எல்லாம் உண்டு. பழைய ஹார்ட்டெய்லை நான் பிறகு இதற்குத்தான் மாற்றினேன், காரணம் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப். டியோர் 12 கியர் கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி ஃப்ரீஹப் (ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி) வேண்டும். ஸ்ராமின் 10 பல்லில் தொடங்கும் கேசட்டுகளுக்கு எக்ஸ்டி (XD) டிரைவர் என்ற வேறொரு ஃப்ரீஹப் வேண்டும். அட்வென்ட் எக்ஸும், 11 பல்லில் தொடங்கும் என்எக்ஸ், எஸ்எக்ஸ் ஈகிள் கேசட்டுகளும் நம்மூரில் பெரும்பாலான பைக்குகளில் இருக்கும் பழைய ஹெச்ஜி ஃப்ரீஹப்பிலேயே உட்காரும். ஷிஃப்டரின் விலையை மட்டும் பார்த்து மனக்கணக்குப் போட்டு, பிறகு ஹப்புக்கும் சக்கரத்துக்கும் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

இந்தப் போட்டியின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஷிமானோ 1921இல் ஜப்பானின் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில் தொடங்கியது. கத்தி அடிக்கும் கொல்லர்களுக்குப் பேர்போன ஊர் அது. அவர்களின் முதல் சரக்கு, பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல். 1982இல் டியோர் எக்ஸ்டி என்று மலை பைக்குக்கென்றே முழுத் தொகுதி செய்தார்கள். ஸ்ராம் 1987இல் சிகாகோவில் பிறந்த பொடியன். கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் கிரிப் ஷிஃப்ட்தான் அவர்களின் முதல் சரக்கு. பைக் கம்பெனிகள் முழுத் தொகுதியையும் தங்களிடமே வாங்கினால் தள்ளுபடி என்று ஷிமானோ வைத்திருந்த முறையால் தங்கள் ஷிஃப்டருக்கு இடமே கிடைக்கவில்லை என்று 1990இல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே அது சமரசத்தில் முடிந்தது. பிறகு 1990களின் நடுவில் கேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் டெரெய்லரும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும் இஎஸ்பி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். அன்றைய ஷிமானோவில் டெரெய்லர் ஏறக்குறைய இரண்டு மடங்கு நகர்ந்தது. கேபிளில் சேறு புகுந்து அரை மில்லிமீட்டர் பிசகினால் அங்கே அது ஒரு மில்லிமீட்டர் பிசகாகும், இங்கே அரையோடு நிற்கும். ஷிமானோவும் பின்னாளில் டைனாசிஸ்ஸில் அந்தப் பெருக்கத்தைக் குறைத்தது. 2012இல் ஸ்ராம் பெடல் பக்கத்துப் பல் சக்கரத்தை ஒன்றாக்கி எக்ஸ்எக்ஸ்1 என்று 11 கியர் கொண்டுவந்தது, 2016இல் ஈகிள் என்று 12 ஆக்கியது. இன்று முன் கியரை மாற்ற நம் இடக்கைக்கு ஷிஃப்டரே இல்லை என்றால் அந்தப் பொடியன்தான் காரணம். ஒருவர் தூங்கவிடாமல் மற்றவரை எழுப்பிக்கொண்டே இருந்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் கைக்கு நடுத்தர விலையில் இவ்வளவு நல்ல பொருள் வந்து சேர்ந்தது. அதற்காக இருவர் மேலும் எனக்கு நன்றி உண்டு.

சேறு என்றதும் கோத்தகிரியின் ஐப்பசி மழை ஞாபகம் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு முறை என் பைக்கில் நடுவில் உள்ள மூன்று நான்கு கியர்கள் பிடிவாதம் பிடித்தன. சின்ன சக்கரத்துக்கு விட்டால் இறங்கத் தயங்கி, பிறகு ஒரே தாவலாகத் தாவியது. ஷிஃப்டர் போய்விட்டது என்றே முடிவு செய்து, புதிதாக வாங்கப் பணம் எடுத்துக்கொண்டு அண்ணாவிடம் போனேன்.

"ஷிஃப்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி ஹேங்கரப் பாத்துப்போடலாம் அம்மணி. போன மாசம் வலது பக்கம் சாஞ்சு விழுந்தீங்களா?"

விழுந்திருந்தேன். டெரெய்லரைக் கழற்றி, அதை மாட்டும் ஹேங்கரில் அளவுக்கோலைத் திருகி, சக்கரத்தின் விளிம்போடு நான்கு திசையிலும் ஒப்பிட்டார். ஒரு பக்கம் உள்ளே வளைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. 12 கியரில் சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி சுமார் 3.65 மில்லிமீட்டர்தான், பழைய 8 கியரில் 4.8 இருந்தது. அந்தக் காலத்துப் பைக் மன்னித்த வளைவை இந்தக் காலத்துப் பைக் மன்னிப்பதில்லை. ஹேங்கரை நிமிர்த்திய பிறகு மிச்சமிருந்த தயக்கத்துக்குக் காரணம் கேபிளின் கடைசி வளையம், டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில் உள்ள உறை. உள்ளே செம்மண் குழம்பு. உள்கம்பியையும் அந்தத் துண்டு உறையையும் மாற்றியதும் பைக் புதுசாகிவிட்டது. செலவு ஷிஃப்டர் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

அன்றிலிருந்து கியர் தகராறு செய்தால் நான் போகும் வரிசை இது: ஹேங்கர், பிறகு கேபிளும் உறையும், பிறகு செயின் தேய்மானம், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஷிஃப்டர். பையில் ஒரு ஹேங்கர் எப்போதும் கிடக்கும். பைக்குக்கு பைக் ஹேங்கர் வடிவம் மாறுவதால் நடுவழியில் எங்கேயும் கிடைக்காது. 2019இல் ஸ்ராம் அறிமுகம் செய்த யுடிஹெச் என்ற பொது வடிவ ஹேங்கரைப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டதால், புது ஃப்ரேம் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை குறையும். அதில் ஷிமானோ டெரெய்லரையும் மாட்டலாம்.

உள்கம்பியை நீங்களே மாற்றலாம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு நிறுவனத்திலும் முதலில் ஷிஃப்டரை மிகச் சின்ன சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போதுதான் கம்பியின் தலை, வெளியேறும் துளைக்கு நேராக வரும். இதை மறந்துவிட்டுக் கம்பியைத் தள்ளினால் உள்ளே சிக்கிப் பிரிந்துகொள்ளும். மாட்டிய பிறகு ஷிஃப்டரில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள பேரல் என்ற சிறு திருகியை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகிச் சரிபார்க்க வேண்டும். வெளிப்பக்கம் திருகினால் கேபிள் இறுகி, செயின் பெரிய சக்கரத்தின் பக்கம் நகரும். பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் வெளியே, சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் உள்ளே. ஈகிளில் இன்னொரு நுணுக்கம்: டெரெய்லரின் மேல் உருளைக்கும் பெரிய சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ரொம்பக் கறாரானது. அதை அளக்க ஸ்ராம் ஒரு பிளாஸ்டிக் அச்சு வைத்திருக்கிறது. பின் சஸ்பென்ஷன் உள்ள பைக்கில், ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமிழ்ந்த நிலையில்தான் அளக்க வேண்டும். தம்பியின் பைக்கை அப்படி வைத்த பிறகு அந்தக் 'கர்ரக்' பாதியாகக் குறைந்தது. முதல் ஞாயிறு நான் சொன்ன குறையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் முடிந்ததும் அவரவர் பைக்குக்கே திரும்பினோம். நான் டியோரில்தான் இருக்கிறேன். ஆள்காட்டி விரலின் உதவி இல்லாமல் என் கையால் முழுநாள் ஓட்ட முடியாது. அவன் ஸ்ராமை விடமாட்டான். அந்த 'டக்' இல்லாமல் அவனுக்குக் கியர் மாறியதாகவே படாதாம்.

லீவர் எட்டாதவர்களுக்கு ஒரு வழி என்றேனே, அது இதுதான். ஷிஃப்டரின் இடத்தைக் கடையில் வைத்துத் தந்தபடியே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று போதும். போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரில் உங்கள் வழக்கமான பிடியில் கையை வைத்து, கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டுங்கள். அது போய் நிற்கும் இடத்துக்கு லீவர் வரட்டும். சிலருக்குப் பிரேக் லீவருக்கு உள்பக்கம், சிலருக்கு வெளிப்பக்கம். விரல் கீழ்நோக்கி அமுக்காமல் முன்நோக்கித் தள்ளும்படி சுற்றி வையுங்கள். மூட்டு வலிக்கு இதுவே பாதி மருந்து. பிரேக்கும் ஷிஃப்டரும் ஒரே பிடியில் சேர்ந்த ஸ்ராமின் மேட்ச்மேக்கர், ஷிமானோவின் ஐ-ஸ்பெக் ஆகியவற்றில் இந்தச் சுதந்திரம் கொஞ்சம் குறையும். அதனால் சிறிய கைக்குத் தனி வளையப் பிடிதான் நல்லது என்பேன். போல்ட்டை முறுக்கித் தள்ளவும் வேண்டாம். விழும்போது ஷிஃப்டர் உடையாமல் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கம் போதும்.

விழுந்து சுற்றிக்கொண்டால் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க, ஹேண்டில்பாரிலும் பிடியிலும் சேர்த்துச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன ஞாயிறு அதே வளைவில் தம்பி சறுக்கி விழுந்தான். அடி ஒன்றும் இல்லை, ஷிஃப்டர் மட்டும் தலைகீழாகத் திரும்பிவிட்டது. சரிசெய்து பார்த்தான், சரிவரவில்லை. உச்சிவரை விரல் தடுமாறியபடியே வந்தான். சில்வர் ஓக் நிழலில் பைக்கைச் சாய்த்துவிட்டு, "அக்கா, அந்த நெயில் பாலிஷ் பையில இருக்கா?" என்று கேட்டான்.